கண்ணில் வைத்த போக்கஸ் தோட்டில் விழுந்தால்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கலியாண வீடு எடுக்கிற தம்பிமார் பலர் இன்னும் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த) கமராதான் வைத்திருக்கிறார்கள். பொம்பிளையின் கண்ணில் போக்கஸ் வைத்தால் காதுத் தோடு பளிச்சென்று விழுகிறது, கண் மங்கிப்போகிறது என்று கவலைப்படுகிறார்கள். தயவுசெய்து அதற்காக லென்ஸை விற்றுவிடாதீர்கள்.

வியூபைண்டரில் பார்த்து எடுக்கும்போது போக்கஸைக் கணிப்பது படம் பதியும் சென்சர் இல்லை. கமராவின் அடியில் இருக்கும் வேறொரு சென்சர். இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் இம்மி பிசகினாலும் போக்கஸ் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிப்போகும். 50 எம்எம் லென்ஸின் துவாரத்தை f/1.8 என்று அகலத் திறந்தால் இந்தப் பிசகு அப்படியே தெரியும், f/8 என்று சுருக்கினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

சோதிப்பது லேசு. கமராவை ட்ரைபொட்டில் பூட்டுங்கள். இரண்டு மீற்றர் தள்ளி, எழுத்துள்ள அட்டை ஒன்றை நேராக நிறுத்தி, பக்கத்தில் அடிமட்டத்தைச் சரித்து வையுங்கள். லென்ஸை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு தடவையும் போக்கஸைக் கலைத்துவிட்டு அட்டையில் வைத்துச் சில படங்கள் எடுங்கள். அப்புறம் லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையில் பார்த்து, எடுத்து ஒப்பிடுங்கள். அது படச் சென்சரிலேயே பார்ப்பதால் இந்தப் பிசகு அதில் வராது.

அடிமட்டத்தில் கூர்மை அட்டைக்குப் பின்னால் விழுந்தால், கமரா மெனுவில் போக்கஸைத் திருத்தும் வசதியை (கனனில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், நிக்கோனில் ஃபைன் டியூன்) எடுத்து, மைனஸ் பக்கம் கொஞ்சங் கொஞ்சமாகப் போங்கள். முன்னால் என்றால் பிளஸ். இரு பக்கமும் 20 வரை இடமுண்டு. விலை குறைந்த மொடல்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை, அங்கே லைவ் வியூதான் கைகொடுக்கும்.

டியூப் லைட்டில் செய்யாதீர்கள், நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். கிளிநொச்சிப் பக்கம் இருப்பவர்கள் லென்ஸோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.