அந்த ‘நீ’ யார்?

‘அது அவங்க அப்பாவை நினைச்சு எழுதினதுண்ணே’ என்று என் மாணவியின் தாய்மாமனிடம் சொன்னேன். இதைப் பொய் என்று சொல்லலாமா, எனக்கு இன்னமும் தெளிவில்லை. அவள் எழுதிய கவிதையில் பெயர் கிடையாது. போன மாதம் நிலா இருந்தது, நீயும் இருந்தாய். இந்த மாதம் நிலா மட்டும் வந்திருக்கிறது என்று போகும். அப்பாவைப் பறிகொடுத்த பதினொன்றாம் வகுப்புப் பெண் எழுதியது. விவரம் தெரியாத யாரும் அப்பாவைத்தான் நினைப்பார்கள்.

மாமா விவரம் தெரிந்தவர். ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. அந்தப் பையன் எந்தத் தெரு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு முற்றுவதற்குள் அவன் வீட்டில் அவனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

‘மச்சான் போய் ஆறு மாசமாச்சே டீச்சர். இதுல போன மாசம்னுல்ல போட்டிருக்கு?’

எத்தனை முறை யோசித்தாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். வகுப்பில் யாரும் ஒரு கவிதையை இவ்வளவு கூர்ந்து படித்ததில்லை. எனக்குப் பதில் தயாராக இருந்தது என்பதுதான் உறுத்துகிறது. புறநானூற்றின் 112ஆம் பாட்டைச் சொன்னேன். பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. அந்த மாத நிலவில் தந்தையும் இருந்தார், பறம்பு மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் மலையை வேந்தர்கள் கொண்டுவிட்டார்கள், தந்தையும் இல்லை. ‘அதே மாதிரி எழுதச் சொல்லி நான்தான் வீட்டுப்பாடம் கொடுத்தேன். அதனாலதான் மாசக்கணக்கு அப்படி இருக்கு’ என்றேன். வீட்டுப்பாடம் கொடுத்தது உண்மை. மாசக்கணக்குக்கு அது காரணமில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாமா அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்டாஃப் ரூமில் இருந்த கணக்கு டீச்சர், ‘தெரியாதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?’ என்றார். தெரியாது என்றிருந்தால் மாமா நம்பியிருக்க மாட்டார், வேறு எங்காவது போய் விசாரித்திருப்பார். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், சாதி மாறிக் கல்யாணம் செய்தவனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதைப் பார்த்த நாட்டில்தானே நானும் இருக்கிறேன். அவ்வளவு தூரம் போகாமல் போலீஸுக்குப் போயிருந்தாலும், பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை, போக்சோ என்று ஒரு புகார் எழுதினால் பையனின் படிப்பு முடிந்தது. விடலைப் பருவக் காதலைத் தண்டிக்க அந்தச் சட்டம் வரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2021இல் சொல்லியிருக்கிறது. சரி, தீர்ப்பு வரும்வரை அலைவது யார்? ஆகவே நான் சொன்னதுதான் சரி. இதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுவாரம் அவள் வந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

‘அப்பாவுக்கு நான் ஒரு வரிகூட எழுதலை டீச்சர். எழுத வரலை. இப்ப அதை அவர் போட்டோவுக்குக் கீழ ஒட்டி வெச்சிருக்காங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் அம்மா படிச்சுக் காட்டுது.’

கோபமாகச் சொல்லவில்லை. நான் ஏதாவது செய்வேன் என்று கேட்கவும் இல்லை. ‘வெளியே சொல்லிராதம்மா’ என்றேன். அவள் யாரிடம் சொல்லப்போகிறாள்?

களவியல் நடத்தும்போதெல்லாம், தலைவியின் மறைவான காதலைத் தோழி வீட்டாருக்குப் பக்குவமாகத் தெரிவிக்கும் அறத்தொடு நிற்றலைப் பிள்ளைகளுக்கு உற்சாகமாகச் சொல்பவள் நான். குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளிலும் தோழி, தலைவியை வளர்த்த செவிலித்தாயிடம் பேசுவது இதற்காகத்தான். யானை வந்தது, அவன் காப்பாற்றினான் என்று கேட்பவர் மனம் இளகும்படி சொல்வாள். ஆனால் கடைசியில் அவனைச் சொல்லிவிடுவாள். நான் அந்தப் பக்குவத்தை எல்லாம் அவனை மறைப்பதற்குச் செலவழித்தேன். குறிஞ்சிப்பாட்டைப் பாடிய கபிலர்தான், பாரி இறந்தபின் அவர் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற குறுநில மன்னர்களிடம் மணம் பேசிப் போனவர். இருவருமே ஏற்கவில்லை. அந்தப் பெண்கள் மனதில் யாராவது இருந்தார்களா என்று எந்தப் பாட்டிலும் இல்லை. நாம் கேட்டதும் இல்லை. தந்தையை இழந்த பெண் என்றால் அவளுக்கு அந்த ஒரு துக்கம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இருந்தாலும் கபிலரின் தோழி பேசியது செவிலியிடம். தாய்மாமனிடம் இல்லை. செவிலி மாதிரி ஒருத்தி அந்த வீட்டில் இருந்திருந்தால் நானும் வேறு மாதிரி பேசியிருப்பேன். இருந்தாளா என்று நான் விசாரிக்கவில்லை. அன்றைக்கு அதற்கு நேரமும் இல்லை.

அவள் இப்போது பி.காம். படிக்கிறாள். தமிழ் இலக்கியம் எடுக்காததற்கு நான் சொன்னதைக் காரணமாக்க முடியாது, மதிப்பெண் அப்படி. மாமா என்னை எங்கே பார்த்தாலும் நின்று பேசுவார். ‘பிள்ளை இப்பல்லாம் எழுதுறதே இல்லை டீச்சர். அவங்கப்பாவுக்கு எழுதினாப்புல இன்னொண்ணு எழுதச் சொல்லுங்களேன், நீங்க சொன்னா கேக்கும்’ என்கிறார். சரிண்ணே, சொல்றேன் என்று நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன்.