பின்பக்கத்தைப் பார்த்த பிறகு

துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் குயில்ட் போர்வைகளுக்கான போட்டியில் நான் நடுவர். மூதூரிலிருந்து வந்த ஒரு குயில்ட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றே 100க்கு 52 புள்ளி போட்டேன். செம்மஞ்சள், கிளிப்பச்சை, ஊதா. எல்லாம் பழைய நைலெக்ஸ் சாறிகளை வெட்டிய துண்டுகள். எனக்கு வெள்ளையும் இளநீலமும் சாம்பலும்தான் பிடிக்கும், விடியற்காலை திருகோணமலை டச்பே கடல் மாதிரி.

என்னோடு நடுவராக இருந்த மூத்த அக்கா, "டீச்சர், பின்பக்கம் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

திருப்பினேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற நூலோட்டம் பின்னாலும் ஒரே அளவில் ஓடியிருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. நடுவில் எட்டு முனை நட்சத்திரம். எட்டும் கூடுகிற இடத்தில் விரலை வைத்தேன், புடைப்பே இல்லை. நைலெக்ஸ் கைக்குள் நிற்காத துணி. ஒவ்வொரு தையலுக்கும் கால் அங்குலம் விட்டுத் தைக்கும்போது நூலளவு பிசகினாலும் போதும், எட்டாவது முனை காட்டிக்கொடுத்துவிடும்.

நான் முதலிடத்துக்கு நினைத்து வைத்திருந்த நீலக் குயில்ட்டில், ஓரத்தைச் சுற்றித் தைக்கும் கரைப்பட்டியின் மூலைகள் உள்ளே பஞ்சு நிரம்பாமல் வெறுமையாகக் கிடந்தன. தொட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நிறத்தைக் கண்ட சந்தோஷத்தில் நான் தொடவே இல்லை. இத்தனை வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள் செய்கிற காரியமா அது? அன்று இரவு தூக்கம் வரவில்லை.

52ஐ வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்து, 78 என்று எழுதினேன்.

அப்புறம் என் முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் குயில்ட்டைக் கவிழ்த்துப் போட்டு, வேலைப்பாட்டுக்கான புள்ளியை எழுதி முடிப்பேன். பிறகுதான் தொங்கவிட்டு, தள்ளி நின்று நிறம் பார்ப்பது. அப்போதும் எனக்குப் பிடிக்கிறதா என்று கேட்பதில்லை. தைத்தவள் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று நினைத்தால் அது பளிச்சென்று இருக்கிறதா, அவ்வளவுதான். என் மாணவிகள் போட்டியில் இருந்தால் நடுவராகப் போவதில்லை. பெயர்ச்சீட்டை மறைத்தாலும் அவர்களுடைய நூலோட்டம் எனக்குக் கையெழுத்து மாதிரி.

அந்த மூதூர்ப் பிள்ளை பரிசளிப்பு முடிந்து வந்து, "எங்க டீச்சர் புள்ளி குறைஞ்சது?" என்று கேட்டாள். கரையில் ஒரு பக்கம் சற்று அலையடித்ததைக் காட்டினேன். குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். "நிறம்?" என்றாள்.

"நிறத்துக்குக் குறைக்கல்ல" என்றேன். 52 பற்றியும் சொன்னேன்.