சீலிங்குக்குள் பிரித்த நாலு வயர்: என் கணினியின் நெட் 94ஐத் தாண்டாத கதை

நொடிக்கு 300 மெகாபிட் வேகம் என்ற இணையப் பக்கேஜுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறேன். வயரில் இணைத்த கணினியில் 94க்கு மேல் ஒருநாளும் வரவில்லை. விறாந்தையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று போனில் வைஃபை போட்டால் 280 வருகிறது. வயர்தான் வேகம் என்று சொல்லித்தானே பின் அறை வரைக்கும் கேபிள் இழுத்தோம்!

கல்யாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை எடிட் பண்ணிக் கொடுப்பது என் தொழில். கிளிநொச்சியில் இருந்துகொண்டு கொழும்பு வேலையும் கனடா வேலையும் செய்வதற்கு இந்த இணைப்பை நம்பித்தான் இருக்கிறேன். 60 ஜிபி ஃபைல் ஒன்று இறங்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தால் அன்றைய காலை வேலை முடிந்த மாதிரித்தான்.

கம்பெனியின் ஹொட்லைனுக்கு எடுத்தேன். "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ சேர்." பண்ணினேன், 94. திரும்ப எடுத்தால் வேறு ஆள், அதே வசனம். கடைசியில் ஒரு தம்பியை அனுப்பினார்கள். அவர் ரவுட்டருக்குக் கிட்ட நின்று தன்ரை போனில் டெஸ்ட் பண்ணி, "அண்ணை பாருங்கோ, 280 காட்டுது. லைன் கிளீன்" என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பின் அறைக்கு வந்து கணினியைப் பாருங்கள் என்று கேட்டதற்கு, வீட்டுக்குள் இருக்கிற வயர் தங்கள் பொறுப்பில்லை என்றார். அது நியாயம்தான். ஆனால் ஆள் வரும்போது ஒரு லப்டொப்பை ரவுட்டரில் கேபிளால் செருகி, அவர் கண்ணுக்கு முன்னால் டெஸ்ட் பண்ண வையுங்கள். ரவுட்டர் வரைக்கும் சரியா பிழையா என்பது அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது டவுனில் ஒரு கணினிக் கடை. டவரைத் தூக்கிக்கொண்டு போனேன். திறந்துகூடப் பார்க்காமல், "தம்பி, ஐப்பசி இடியில கேபிள் செருகுற போர்ட் அடிபட்டிருக்கும், புது நெட்வொர்க் கார்ட் போடுவம்" என்றார் கடைக்காரர். வன்னியில் ஐப்பசி இடிக்கு ரவுட்டரும் போர்ட்டும் போவது புதினமில்லை. அதனால்தான் நானும் அரைவாசி நம்பினேன். "உங்கட கேபிள்ல ஒருக்கா செருகிப் பாருங்கோ" என்று கேட்டேன். நேரமில்லை என்றார். கேபிள் 25 மீற்றர் என்றதும், "அதுதான், நீளம் கூடிப்போச்சு" என்று இன்னொரு காரணம் சொன்னார். அது முழுப் பிழை. செம்புக் கேபிள் 100 மீற்றர் வரைக்கும் தாராளமாக 1000 மெகாபிட் கொண்டுபோகும். கார்ட் வாங்காமல் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்த 94 உறைத்தது. காலையிலும் 94, சனமெல்லாம் நெட்டில் இருக்கும் இரவிலும் 94. வெளியில் நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும். ஒரே எண்ணில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் எங்கேயோ 100 என்ற வரம்பு இருக்கிறது; 100 மெகாபிட் இணைப்பில், தரவோடு கூடவே போகிற முகவரி மாதிரியான தலைப்புத் தரவுகள் கழிந்து கைக்கு வருவது ஏறக்குறைய அவ்வளவுதான். டவுன்லோட் பண்ணும்போது நொடிக்கு 11 மெகாபைட் அளவில் காட்டினாலும் அதே விஷயம்தான், ஒரு பைட் என்பது எட்டு பிட், எட்டால் பெருக்கிப் பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீட்' என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதில் 100/100, அதாவது வாங்கவும் 100, அனுப்பவும் 100. நெட் பிரச்சினை என்று யாரிடமும் போவதற்கு முதல் இந்த வரியைப் பாருங்கள்.

கார்டின் செட்டிங்கில், வேகத்தைத் தானாகவே தெரிவு செய்கிற 'ஓட்டோ'வை எடுத்துவிட்டு 1000 என்று கட்டாயப்படுத்திப் பார்த்தேன். இணைப்பே அறுந்துபோனது. திரும்ப ஓட்டோவில் விட்டேன். அப்புறம் டவரை விறாந்தைக்குக் கொண்டுபோய், ரவுட்டரோடு பெட்டிக்குள் வந்த குட்டிக் கேபிளால் முதலாவது போர்ட்டில் செருகினேன். 1000/1000! கார்டில் பிழையில்லை, ரவுட்டரில் பிழையில்லை, இடி ஒன்றும் பண்ணவில்லை. மிச்சம் இருப்பது சீலிங்குக்கு மேலால் போகிற கேபிள் மட்டும்.

பின் அறைப் பக்கத்துப் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக், உள்ளே நிறம் தெரியும். எட்டு வயர் இருக்க வேண்டிய இடத்தில் செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும் மட்டும், நாலு. நீலமும் மண்ணிறமும் இல்லை. 100 மெகாபிட்டுக்கு நாலு வயர் காணும். 1000க்கு எட்டும் வேண்டும்.

ஏணி வைத்துச் சீலிங்குக்குள் தலையை விட்டால், தகர வெக்கையில் கண் எரிகிறது. நடைக்கு மேலே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. அதைப் பிரித்தேன். என் கேபிளின் நீலச் சோடியையும் மண்ணிறச் சோடியையும் வெளியே எடுத்து, முறுக்கி, படலைக்குப் போகிற கமராவின் கேபிளோடு பொருத்தியிருந்தது. ரவுட்டர் பக்கத்தில் ஒரே கேபிளுக்கு இரண்டு பிளக். வயரிங் செய்தவருக்கு எடுத்தால், "நாலு வயர் காணும் தம்பி, எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான் போடுறனாங்கள்" என்கிறார். கமராவுக்குக் காணும், உண்மை. நெட்டே 20, 30 வந்த காலத்தில் கணினிக்கும் காணும்தான். ஆனால் இரண்டு கேபிளுக்குக் காசு வாங்கிவிட்டு ஒன்றை மட்டும் இழுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புதுக் கேபிள் வாங்கப் போன இடத்தில் இன்னொரு அலைச்சல். பெட்டியில் 'கேட்6' என்று கேபிளின் தரவகை பெரிதாக அடித்திருந்தது, விலையும் குறைவு. வீட்டில் வந்து ஒரு வயரை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய சாமான்! நாலைந்து முறை மடிக்க முறிகிறது. குறுகிய தூரத்துக்கு வேலை செய்யும், ஆனால் தரப்படி அது கேட்6 இல்லை, கேபிளாலேயே மின்சாரம் எடுக்கும் கமராவுக்கு இன்னும் மோசம். கடையிலேயே ஒரு துண்டு வாங்கிச் சுரண்டிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். நான் திருப்பிக் கொடுக்கச் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. நல்ல செம்புக் கேபிள் கடைசியில் வவுனியாவில்தான் கிடைத்தது.

வெயில் ஏறுவதற்கு முதல், விடியவே என் தம்பியும் நானும் இழுத்தோம். கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளிக் கொண்டுபோனோம். பிளக் அடிக்கிற கருவி இரவல். வரிசை இதுதான்: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம். இரண்டு முனையிலும் ஒரே வரிசை.

செருகினால் திரும்பவும் 100. எனக்கு நெஞ்சு பதறிப்போனது. பார்த்தால், முதலாவது போர்ட்டில் யாரோ டிவி பெட்டியைச் செருகி வைத்திருக்கிறார்கள். என் கேபிள் இரண்டாவதில். எங்கள் ரவுட்டரில் ஒரே ஒரு போர்ட்தான் 1000, மற்றதெல்லாம் 100. ரவுட்டருக்கு அடியில் இருக்கிற ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செருகினேன். 1000/1000. டெஸ்டில் 284. அன்று இறக்கிய 60 ஜிபி ஃபைல் அரை மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்தது.

பழைய கேபிளைக் கமராவுக்கே விட்டுவிட்டேன். பரந்தனில் அக்கா வீட்டுக்கு இப்போது வயரிங் நடக்கிறது. சீலிங் பலகை பூட்ட முதல் லப்டொப்போடு போய், ஒவ்வொரு முனையிலும் செருகி 1000 காட்டினால்தான் மிச்சக் காசு என்று வேலைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.