கட்ச் பயணத்துக்கு முன் ஜீப்புக்குச் செய்தவை

அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து குஜராத்தின் கட்ச் வரை செல்லவிருக்கும் எங்கள் 1994 மகேந்திரா டீசல் ஜீப்புக்கு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அல்சூர் வீட்டு வாசலிலேயே வேலை பார்த்து வருகிறேன். பெல்ட்டையும் ரேடியேட்டர் குழாய்களையும் ஜே.சி. ரோட்டில் வாங்கி ஒரே நாளில் மாற்றிவிட்டேன்.

டீசல் பாதைதான் நேரத்தை எடுத்துக்கொண்டது. இந்த இஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடேற்றிய காற்றில் டீசலைப் பீச்சுவதால்தான் அது எரிகிறது என்பதால், டீசல் குழாயில் காற்று புகுந்தால் பீச்சுவதற்கான அழுத்தம் எழாமல் வண்டி நின்றுவிடும். சென்ற ஆண்டு கிருஷ்ணகிரி அருகே நள்ளிரவில் அப்படி நின்றபோது அப்பா பட்ட சிரமத்தை நான் மறக்கவில்லை. ஆகவே இம்முறை பழைய குழாய்களையும் செம்பு வாஷர்களையும் மாற்றி, ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்திக் காற்றை முழுவதும் வெளியேற்றினேன்.

நான்கு சக்கர இயக்கத்தை மணலிலும் சேற்றிலும் மட்டுமே போடவேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் மீண்டும் நினைவூட்டினார். நடு டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் அமைப்பு) இல்லாத இவ்வகை ஜீப்பில், காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திரும்பினால், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட முயன்று கியர்கள் இறுகிக்கொள்ளும்.

இனி மீதமிருப்பவை முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் எண்ணெயும், கட்ச்சில் உள்ள ரண் என்னும் உப்புப் பாலைநிலத்தின் உப்பைத் தாங்க அடிப்பாகத்துக்குப் பூசவேண்டிய துருத்தடுப்புப் பூச்சும்தான்.