கொக்கியை மாட்டும் இடம்

சிறிய பாய்மரப் படகுகளை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு சேர்ப்பதும், புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தருவதும் என் தொழில். வருபவர்களில் பலரும் டெதரை, அதாவது உடலில் அணியும் பட்டையைப் படகோடு பிணைக்கும், கொக்கிகள் உள்ள நாடாவைக் கையில் எடுத்ததும், அது தங்கள் எடையைத் தாங்குமா என்றே கேட்கிறார்கள். தரமான டெதர் தாங்கும். கால் தவறினால் உடல் எங்கே போய் நிற்கும் என்பதைத்தான் நான் அவர்களை யோசிக்கச் சொல்வேன்.

டெதரின் நீளத்துக்கு உச்சவரம்பு 2 மீட்டர். குறுகலான தளத்தில் அதுவே அதிகம். டெதரின் கொக்கியை மாட்டுவதற்காகத் தளத்தின் நீளவாக்கில் கட்டும் வடமோ நாடாவோதான் ஜாக்லைன். ஓரமாகக் கட்டிய ஜாக்லைனில் அந்த நீளத்தோடு மாட்டிக்கொண்டவர் தடுப்புக் கம்பியைத் தாண்டி விழுந்தால், படகோடு பிணைந்தபடியே தண்ணீரில் இழுபடுவார். முகத்தில் மோதும் நீர் அவரை மூச்சுவிட விடாது, நனைந்த உடையோடு அவரை மேலே தூக்குவதும் பெரும்பாடு. 2011இல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் ஒரு படகின் தலைவர் இப்படித்தான் உயிரிழந்தார். ஆகவே ஜாக்லைனைக் கூடுமானவரை தளத்தின் நடுவில், தொய்வில்லாமல் கட்டுகிறேன். பின்முனைக்கு வெகுமுன்பே அதை முடித்துவிடுகிறேன். மிதித்தால் உருளும் கம்பிவடத்தைவிடத் தட்டையான நாடாவே எனக்கு உகந்தது. நின்று வேலை செய்யும் இடங்களில் டெதரின் 1 மீட்டர் நீளக் கிளையில் உள்ள கொக்கிதான். இடம் மாறும்போது அடுத்த கொக்கியை மாட்டிய பிறகே முதல் கொக்கியைக் கழற்ற வேண்டும். கூடுமானால் காற்று வரும் பக்கத்தில் மாட்டுவது நல்லது, ஏனெனில் பெரும்பாலும் படகு சாயும் பக்கமாகவே விழுவோம்.

கொக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017இல் பாய்மரப் படகுகளில் உலகைச் சுற்றிவரும் கிளிப்பர் பந்தயத்தில் ஒருவர் கடலில் விழுந்தபோது, அவருடைய டெதரின் கொக்கி படகின் முன்முனைக்கு அருகிலிருந்த கிளீட்டின் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பின்) அடியில் சிக்கிப் பக்கவாட்டில் இழுபட்டதால், வளைந்து திறந்துகொண்டது, அவர் இறந்தார். நேர் இழுப்பில் பெரும் பாரத்தைத் தாங்கும் கொக்கி, பக்கவாட்டு இழுப்பில் அதைவிட மிகக் குறைந்த பாரத்திலேயே வளைந்துவிடும். அதனால் புறப்படுமுன் தளத்தில் மண்டியிட்டு, ஜாக்லைன் நெடுகக் கொக்கியை நகர்த்தி, எந்தக் கிளீட்டிலாவது அது நுழைந்து மாட்டிக்கொள்கிறதா என்று பார்க்கிறேன்.

பல டெதர்களின் தையலில் ஒரு நிறநூல் மடிப்புக்குள் மறைந்திருக்கும். அளவுமீறிய இழுப்பு விழுந்திருந்தால் தையல் விட்டு அது வெளியே தெரியும். அப்படித் தெரிந்த டெதர் எவ்வளவு புதிதாக இருந்தாலும், வேறு யாரும் அதை எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, அங்கேயே கத்தியால் இரண்டாக வெட்டிவிடுகிறேன்.