கருவாடு மீனாகாது

போன ஆனி மாசம் உப்பூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் மண் எடுக்கப் போயிருந்தோம். உள்வாய் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் கையை விட்டேன், முழங்கை வரைக்கும் போனது, "பாம்பு கிடக்கும், கைய எடுங்க தம்பி" என்று கூட வந்த நீர்ப்பாய்ச்சி ஐயா சத்தம் போட்டார். அப்புறம் ஒரு கட்டியைக் காலால் உதைத்துவிட்டு, "இப்ப கல்லாட்டம் கெடக்கும். ஐப்பசியில ரெண்டு மழை விழட்டும், கால வச்சா முட்டி வரைக்கும் இழுத்துரும்" என்றார்.

எங்கள் மண் பரிசோதனை லேப் வேலை மொத்தமும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது. இந்தக் கரம்பையில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் இருக்கிறது. காய்ந்தால் சுருங்கும், தண்ணீர் பட்டால் திரும்ப உப்பும். அதனால் சாம்பிள் வந்ததும் மொட்டை மாடியில் காயப் போட்டு, மரச்சுத்தியலால் தட்டி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து காசாகிராண்டே கிண்ணத்தில் வைப்போம். நடுவில் கோடு போட்டுக் கிண்ணத்தைத் தட்டினால், 25 தட்டில் கோடு மூடுகிற ஈரம்தான் லிக்விட் லிமிட், அதாவது மண் கூழாகி ஓட ஆரம்பிக்கிற எல்லை. காய்ந்ததால் மண் மாறியிருக்குமோ என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

சாசுமுவா பற்றிப் படிக்கும் வரைக்கும். கென்யாவில் நைரோபிக்குக் குடிதண்ணீர் தர 1950களில் கட்டிய அணை அது. கரை கட்ட அங்கே கிடைத்தது எரிமலைப் பாறை மக்கி வந்த சிவப்புக் களி. சோதனை நம்பர்களை மட்டும் பார்த்தால் எந்த இன்ஜினியரும் வேண்டாம் என்பார்: லிக்விட் லிமிட் அதிகம், எவ்வளவு இடித்தாலும் எடை ஏறவில்லை, களி எவ்வளவு என்ற கணக்குகூட எந்தக் கரைசலில் கலக்கினோம் என்பதைப் பொறுத்து மாறியது. ஆனால் அழுத்திப் பார்த்தால் உறுதி. மண் இயக்கவியலின் பெரியவர் டெர்சாகி 1958இல் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். விஷயம் ஹாலோய்சைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாகி, உள்ளுக்குள் தண்ணீரை அடைத்து வைத்திருந்தன. ஓவனில் 105 டிகிரியில் வைத்தால் அந்தத் தண்ணீரும் வெளியேறிக் கணக்கில் ஈரமாகச் சேர்ந்துவிடும், மண்ணை வழுக்க வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும்.

இதைவிட விசித்திரம் அலோஃபேன் என்ற களிக் கனிமம் உள்ள மண். ஜப்பான், நியூசிலாந்து, ஜாவாப் பக்கம் எரிமலைச் சாம்பல் மக்கி வருவது. 100 கிராம் காய்ந்த மண்ணுக்கு 150, 200 கிராம் தண்ணீர் என்று சர்வசாதாரணமாக நிற்கும். நம்ம ஊரில் அவ்வளவு ஈரம் என்றால் அது சேறு, கரண்டியால் அள்ளலாம். அங்கே அதே மண்ணில் செங்குத்தான மலைச்சரிவு நிற்கிறது. ஆனால் ரோலரை மேலும் மேலும் ஓட்டினால் உள்ளே இருக்கும் அமைப்பு உடைந்து, தண்ணீர் கசிந்து, கெட்டியாவதற்குப் பதில் கொழகொழவென்று ஆகிவிடும். காயவைத்தாலோ தீர்ந்தது கதை. பொலபொலவென்று மணல் மாதிரி உதிரும், எவ்வளவு தண்ணீர் விட்டுப் பிசைந்தாலும் பழைய களியாகாது. கருவாட்டை ராத்திரி முழுக்க ஊறவைத்தால் மட்டும் மீனாகிவிடுமா? நாம் டெஸ்ட் பண்ணுவது வேறொரு மண், அணை நிற்கப்போவது வேறொரு மண். அதனால் அங்கெல்லாம் சாம்பிளைப் பாலித்தீனில் சுற்றி ஈரமாகவே கொண்டுவந்து, இருக்கிற ஈரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே சோதிக்கிறார்கள்.

இந்தக் கரையில் எரிமலை ஏது, நமக்கெதற்கு என்று விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் கண்மாய்க்குள் ஈரம் இருந்த ஒரு பள்ளத்தில் மண் எடுத்து இரண்டு பங்கு வைத்தேன், ஒன்று பாலித்தீனில் ஈரமாக, இன்னொன்று மாடியில். பக்கத்து வீட்டு அக்கா கருவாடு காயப்போடுகிற அதே மாடிதான், காக்கா கருவாட்டையும் மண்ணையும் கிளறி வைத்திருந்தது. காய்ந்த பங்கில் தண்ணீர் விட்டு ஒரு நாள் முழுக்க ஊறவிட்டேன். ஈரப் பங்கு, காய்ந்த பங்கு இரண்டுக்கும் லிக்விட் லிமிட் எழுபது சதவீதத்தை ஒட்டியே வந்தது, வித்தியாசம் இரண்டு புள்ளிக்குள். ஐயாவிடம் போனில் சொன்னேன். "அதத்தானே தம்பி அன்னைக்கே சொன்னேன், இதுக்குப் போயி மெஷினா?" என்றார்.