முகம் வராத சிற்பம்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணியே நான்கு நாட்களுக்குக் காயாது. களிமண் உருவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டதென்று கோவையில் மருத்துவர் தெரிவித்த வாரத்தில், அந்த மழைக்குள்தான் நான் ஒரு பெண்ணுருவத்தைச் செய்யத் தொடங்கினேன். கோப்பையும் கிண்ணமும் செய்து பழகிய கைகளுக்கு அதுவே முதல் சிற்பம்.

அழுகையை மண்ணில் இறக்கி வைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் கைக்கு வந்தது எரிச்சல்தான். பதமாகப் பிசைய வேண்டிய மண்ணை மேசை அதிர அறைந்தேன். மூன்று நாள் முயன்றும் முகம் அமையவில்லை; வைத்த மூக்கைக் கட்டைவிரலால் வழித்தெடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் முகத்தை விட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுத்திருக்கும் முதுகையும் துருத்தி நிற்கும் தோள்பட்டை எலும்பையும் மட்டும் வடித்தபோது, அவை ஒரே மாலையில் வந்துவிட்டன. அந்த மாதங்களில் நான் அம்மாவின் முகத்தைவிட, தைலம் தேய்த்துவிட்ட முதுகைத்தான் அதிகம் பார்த்திருந்தேன்.

அம்மாவிடம் காட்டினேன்.

"மூஞ்சியே காணோம், இது யாருடி?"

"நீதான்மா, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கே."

"அப்பச் சரி, பல் செட்டு மாட்டாதது தெரியாது."

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், நீலகிரியின் முதல் ஆணையரான பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் இம்மலையின் பழைய கல்வட்டங்களிலிருந்து தோண்டியெடுத்த மண்கலங்கள் உள்ளன. அவற்றின் மூடிகளில் எருமைகள் நிற்கின்றன. இறந்தவர்களோடு புதைக்க வனைந்தவர், அழும் முகத்தை அல்ல, நாள்தோறும் கண்ட விலங்கையே மூடிமேல் வைத்திருக்கிறார். முதுகு வந்த மாலையில் எனக்கு அந்த எருமைகள்தான் நினைவுக்கு வந்தன.

அந்த முதுகின்மேல் தைலம் தேய்க்கும் என் கையையும் சேர்க்க விரும்பினேன். அதற்குள் பத்து நாட்கள் கோவையில் தங்க நேர்ந்தது. பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைத்திருந்தும், அறையைச் சூடாக்கும் கணப்பு ஒன்றை வீட்டில் யாரோ உருவத்தின் அருகிலேயே ஓட விட்டிருந்ததால், திரும்பி வந்தபோது மண் இறுகியிருந்தது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது எல்லோரும் அறிந்த பழமொழி. காய்ந்த மண்ணோடும் ஈர மண் ஒட்டாது. ஒன்று சுருங்கி முடித்திருக்க, மற்றது அதன் பிறகே சுருங்கத் தொடங்குவதால் இணைப்பு விட்டுப்போகும். கீறலிட்டு, மண்குழம்பு தடவி, இரண்டு முறை ஒட்டினேன். இரண்டு முறையும் மறுநாள் காலையில் கை தரையில் கிடந்தது.

சிற்பத்தின் உட்புறத்தை முன்பே கட்டைவிரல் கனம் மட்டும் விட்டுக் குடைந்து, அடியில் ஒரு துளை இட்டிருந்தேன். தடித்த மண்ணுக்குள் மிஞ்சிய ஈரம் சூளையில் ஆவியாகி, வெளியேற வழியில்லாவிட்டால் உருவத்தைச் சிதறடித்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், குன்னூரில் சூளை வைத்திருக்கும் தோழி இரவு முழுவதும் 80 பாகையைத் தாண்ட விடமாட்டார். 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும் என்பதால் அங்கேயும் நிதானம் வேண்டும். சுடாத மண் சிறு அதிர்வுக்கே உடையும். ஆகவே அம்மாவின் கம்பளியில் சுற்றி மடியில் வைத்து, வளைவுதோறும் மூச்சைப் பிடித்தபடி குன்னூர்ப் பேருந்தில் கொண்டுபோனேன். அந்தக் கம்பளி அப்போது அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் போய் ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன.

கையையும் தனியாகவே சூளையில் வைத்தோம். தோள்பட்டையில் ஒரு மயிரிழை விரிசலோடு முதுகு வந்தது. கை பழுதில்லாமல் வந்தது. பசையால் ஒட்டித் தரவா என்று தோழி கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது இரண்டும் ஜன்னல் திண்டில், ஒரு விரற்கடை இடைவெளியில் இருக்கின்றன. தூசி தட்டும்போது கையை எடுத்து முதுகின்மேல் சற்று நேரம் வைத்துவிட்டு, மறுபடி பழைய இடத்தில் வைத்துவிடுகிறேன்.